மேடேறும் லாரி... மூச்சு வாங்கும் மலை!

மேட்டுப்பாளையத்தில் இருந்து விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்பியது லாரி. பின்னால் சிமென்ட் மூட்டைகள். ஸ்டியரிங் பிடித்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர், முப்பது வருஷ அனுபவம். கல்லாறு பாக்குத் தோப்புகள் முடியும் வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர், முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாவது கியரில் இருந்து இரண்டாவதுக்கு இறங்கினார். எஞ்சின் உறுமியது. பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். விடியாத வானத்தை விடக் கறுப்பாக ஒரு புகைத்திரள் சாலையோரப் புதருக்குள் புகுந்து கொண்டிருந்தது.

“இது ஒண்ணும் இல்லீங்க சார். குன்னூரை நெருங்கட்டும், அப்பப் பாருங்க. வண்டிக்கு மூச்சு வாங்கும். அதே லோடு, அதே டீசல்தானுங்க. ஆனா கீழே இருக்கிற இழுவை மேலே இருக்காது” என்றார்.

வண்டி 2012 மாடல், ‘பாரத் ஸ்டேஜ்’ புகை விதிகளில் மூன்றாம் படியான பிஎஸ்-3 ரகம். ஏர் ஃபில்டர் போன வாரம்தான் மாற்றியதாம். டயரில் காற்று சரி, இன்ஜெக்டர் சரி. அப்படியிருந்தும் ஒவ்வொரு வளைவுக்கும் புகை அடர்ந்துகொண்டே போனது.

ஒரு லாரி எவ்வளவு நச்சைக் கக்கும் என்பதில் எஞ்சினுக்குப் பாதிப் பங்குதான். எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில் அது மூச்சிழுக்கிறது என்பது மீதிப் பாதி. புகை விதிகளை எழுதிய நாடுகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் ஒரு எல்லைக்கோடு போட்டு, அதற்குள் மட்டும் அளந்தால் போதும் என்று எழுதி வைத்தார்கள். ஊட்டியும் குன்னூரும் கொடைக்கானலும் லேயும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களின் நுரையீரலும்தான்.

பருப்பு வேகாத ஊரில் டீசல் எப்படி எரியும்?

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைத்தவர்களுக்கு இந்த அறிவியல் கைப்பழக்கம். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காரணம், மேலே காற்றழுத்தம் குறைவு. கடல் மட்டத்தில் இருக்கும் அழுத்தத்தில் ஊட்டியில் சுமார் 76 சதவீதம்தான் இருக்கிறது. லே நகரில் 65 சதவீதம். லடாக்கின் கார்துங் லா கணவாயில் கிட்டத்தட்டப் பாதி.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். ஆனால் காற்றே மெலிந்துவிடுவதால், எஞ்சின் ஒரு தடவை இழுக்கும் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகிறது. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். சமவெளியில் அது 10 கன மீட்டர் காற்று, அதாவது ஒரு சின்ன அறையின் பாதி. டீசல் எஞ்சின் சுத்தமாக எரிய வேண்டுமானால் இதைவிடத் தாராளமாகவே காற்று வேண்டும். மலை மேல் அந்தத் தாராளம்தான் முதலில் போகிறது. குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் ஊட்டிக் குளிர் இந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுகட்டும். முழுக்க ஈடுகட்டாது.

பழைய வண்டிகளின் டீசல் பம்புக்கு உயரம் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மிதித்த அளவுக்கு டீசலை அனுப்பும். எரியக் காற்று போதாத டீசல் கரித்துகளாக வெளியே வரும். நான் கண்ணாடியில் பார்த்த கறுப்புப் புகை அதுதான்.

புதிய வண்டிகளில் டர்போ இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. மெலிந்த காற்றைப் பிடித்து அமுக்கி உள்ளே தள்ள டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். அதற்கும் ஒரு வேக வரம்பு உண்டு. வரம்பை நெருங்கினால் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். டிரைவர் ‘இழுவை போச்சு’ என்று சொல்வது அந்த இடத்தைத்தான்.

இங்கே இன்னொரு சிக்கல். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத நச்சு. எஞ்சினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது, காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து இது உருவாகிறது. இதைத் தடுக்க எஞ்சின் தான் விட்ட புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளிழுத்து வெப்பத்தைத் தணிக்கும். மலை மேல் ஏற்கெனவே ஆக்சிஜன் பற்றாக்குறை. அதில் புகையையும் கலந்தால் கரி கூடும். அதனால் மேலே போனதும் அந்த மறுசுழற்சியைக் குறைத்துவிடும்படி கம்ப்யூட்டரில் எழுதி வைப்பார்கள். கரி அடங்கும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று மேலே வருகிறது.

இலவச மின்சாரமும் மலை ஏற்றமும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 326 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இடையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான சாலை. ஏற்றம் மட்டும் 1,914 மீட்டர்.

இரண்டு அச்சு லாரிக்கு 2018-ல் உயர்த்தப்பட்ட மொத்த எடை வரம்பு 18.5 டன். இவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்கி வைக்க மட்டும் எஞ்சின் செய்ய வேண்டிய வேலை சுமார் 96 யூனிட். நம் வீட்டு மின்கட்டணத்தில் வருகிற அதே யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக் கிட்டத்தட்ட முழுதாக ஒரு லாரி ஒரே காலையில், மலையேற மட்டும் செலவழிக்கிறது. டயர் உராய்வும் காற்றுத் தடையும் தனிக்கணக்கு.

லாரிகளின் புகை வரம்பும் இதே யூனிட் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிஎஸ்-3 எஞ்சின் ஒரு யூனிட் வேலைக்கு 5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை விடலாம். பிஎஸ்-4 வண்டிக்கு 3.5 கிராம். 2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க அமலுக்கு வந்த பிஎஸ்-6 விதி, சாலை ஓட்டத்தைப் போலச் செய்யும் சோதனையில் இதை 0.46 கிராமுக்கு இறக்கியது. பெருக்கிப் பார்த்தால், மலையேற்றத்துக்கு மட்டும் பிஎஸ்-3 வண்டிக்கு 480 கிராம், பிஎஸ்-6 வண்டிக்கு 44 கிராம். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தச் சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஐந்தாம் படியை விட்டுவிட்டு நான்கில் இருந்து ஆறுக்குத் தாவிய நாடு இது.

ஆனால் இந்த 44 கிராம் காகிதக் கணக்கு. சோதனைக்கூடத்தில் அளந்த சுத்தத்தை அந்த வண்டி மலையிலும் அப்படியே காத்தால்தான் இது நிஜமாகும். காக்குமா என்பதைத் தீர்மானிப்பது சைலன்சருக்குள் இருக்கும் வெப்பம்.

யூரியாவுக்குக் குளிர் ஆகாது

பிஎஸ்-6 லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட ஒரு சின்ன டேங்க் இருக்கும். டிரைவர்கள் ‘யூரியா டேங்க்’ என்பார்கள். உள்ளே இருப்பது 32.5 சதவீத யூரியாவும் சுத்திகரித்த தண்ணீரும். சூடான புகையில் இதைத் தெளித்தால் அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். அருமையான வேதியியல். ஆனால் புகைக் குழாய் சுமார் 200 டிகிரி சூடு பிடித்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே தெளித்தால் யூரியா குழாயின் உட்சுவரில் உப்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் புகை குளிர்ந்திருக்கும்போது தெளிப்பையே நிறுத்திவிடும்படி ஏற்பாடு.

மலைச்சாலையில் புகை எப்போதெல்லாம் குளிர்கிறது? விடிகாலைப் பனியில் எஞ்சினைக் கிளப்பும்போது. லோடு ஏற்றும்வரை வண்டி சும்மா ஓடிக்கொண்டே நிற்கும்போது. சுற்றுலாக் கூட்ட நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது. முக்கியமாக, இறக்கத்தில். இறங்கும்போது டிரைவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு எஞ்சின் பிரேக்கில் வண்டியைக் கட்டிப் பிடிப்பார். அப்போது டீசல் எரியாது, புகையும் இல்லை. ஆனால் எஞ்சின் வழியே போகும் வெறும் குளிர்காற்று, ஏற்றத்தில் சூடேறியிருந்த சைலன்சரைத் தணித்துவிடும். அடுத்த சின்ன மேட்டில் காலை மிதித்தால், வெளியே வருவது சுத்திகரிக்கப்படாத புகை.

கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டிக்கும் சூடு வேண்டும். அதில் சேர்ந்த கரியை அவ்வப்போது 550, 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சமவெளி நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் சீராக ஓடும் வண்டிக்கு இது தன்னால் நடந்துவிடும். மலையூர்களுக்கு இடையே நின்று நின்று ஓடும் வண்டிக்கு, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியும்.

கத்திரி வெயிலுக்கும் பங்கு உண்டு

குளிர் மட்டுமே எதிரி என்று நினைக்க வேண்டாம். மே மாதத்தில் வேலூரிலோ கரூரிலோ தார்ச் சாலையை ஒட்டிய காற்று அனலாக இருக்கும். சூடான காற்று மெலிந்தது. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வெளிக்காற்றை நம்பித்தான் வேலை செய்கிறது. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் எரியும் வெப்பமும் கூடும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடு சற்றுக் குறையும். கடலோரத்துப் புழுக்கத்தில் ஓடும் எஞ்சினும் உள்மாவட்டத்து வறண்ட அனலில் ஓடும் எஞ்சினும் ஒரே அளவு நச்சை உருவாக்குவதில்லை. சோதனைக்கூடங்களில் ஈரப்பதத்துக்கு என்றே திருத்தக் கணக்கு போடுகிறார்கள்.

கோட்டுக்கு உள்ளே ஏற்காடு, வெளியே குன்னூர்

ஐரோப்பாவின் யூரோ-6 விதிப்படி, லாரியில் கருவியைப் பூட்டிச் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை உண்டு. அதில் செல்லுபடியாகும் எல்லை சுமார் 1,600 மீட்டர் உயரம். குளிர் மைனஸ் 7 டிகிரி வரை. வெப்பம் கடல் மட்டத்தில் 38 டிகிரி வரை, மேலே போகப் போக இந்த 38-ம் குறைந்து 1,600 மீட்டரில் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். இந்தக் கோட்டை நம் ஊரில் வரைந்து பாருங்கள். 1,515 மீட்டர் உயர ஏற்காடு உள்ளே. 1,850 மீட்டர் உயரக் குன்னூர் வெளியே. ஊட்டி, கொடைக்கானல் வெளியே. 40 டிகிரி கொதிக்கும் கத்திரி மதியமும் வெளியே.

அமெரிக்காவின் கதை இன்னும் பாடம். 1998-ல் ஏழு பெரிய டீசல் எஞ்சின் நிறுவனங்கள் அங்கே அரசிடம் சிக்கின. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட எஞ்சின்கள், நெடுஞ்சாலையில் சீரான வேகம் பிடித்ததும் டீசலை மிச்சப்படுத்தும் வேறு முறைக்கு மாறி, நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி வீசின. சுமார் 13 லட்சம் எஞ்சின்கள், 8.34 கோடி டாலர் அபராதம். அதன் பிறகு ‘சாலையிலும் இந்த அளவைத் தாண்டக்கூடாது’ என்று புது விதி வந்தது. அதிலும் எல்லை 5,500 அடி, கடல் மட்டத்தில் 100 டிகிரி ஃபாரன்ஹீட். அதே நாட்டில் கொலராடோ மாநிலத்தின் ஐசன்ஹோவர் சுரங்கச் சாலை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் சாலை அது.

எல்லை போட்டவர்களுக்கும் காரணம் உண்டு. கடுங்குளிரில் எல்லாக் கருவிகளையும் முழு வீச்சில் இயக்கினால் எஞ்சின் கெட்டுப்போகலாம். நடு மலையில் வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் அசாதாரண நேரங்களுக்கு விலக்கு வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அசாதாரணம் ஒரு ஊருக்கு அன்றாடமாக இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. வோக்ஸ்வேகன் டீசல் கார்களில் புகை மறுசுழற்சி முழுமையாக இயங்கியது வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரிக்குள், அதுவும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே மட்டும்தான். ஆஸ்திரியாவில் இருந்து வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஜூலை 14-ல் தீர்ப்பு வந்தது. 15 டிகிரிக்குக் கீழான குளிரும் 1,000 மீட்டருக்கு மேலான பயணமும் ஐரோப்பிய மக்களின் சாதாரண வாழ்க்கை. வருஷத்தில் பெரும்பகுதி செயல்படும் ஒரு விலக்கை விலக்கு என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். கார்களைப் பற்றிய தீர்ப்புதான். ஆனால் மலையில் வாழ்பவர்களுக்கு மலைதான் இயல்பு என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

டேங்குக்கு அடியில் நெருப்பு

குன்னூருக்கு ஏறும் வழியில் பர்லியாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சிமென்ட் லாரி டிரைவர் தன் லடாக் பயணத்தைப் பற்றிச் சொன்னார். “ராத்திரி எஞ்சினை ஆஃப் பண்ணினா காலைல வண்டி எந்திரிக்காதுங்க சார். டீசலே நெய் மாதிரி உறைஞ்சு போகும். டேங்குக்கு அடியில தீ மூட்டிக் காய்ச்சுவோம். பயமாத்தான் இருக்கும், வேற வழி?” பலர் மண்ணெண்ணெய் கலப்பார்கள். இன்னும் பலர் இரவு முழுக்க எஞ்சினை ஓட விட்டே தூங்குவார்கள். யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். இரவெல்லாம் சும்மா ஓடும் எஞ்சினின் புகையோ அதைச் சுத்திகரிக்கும் சூட்டை எட்டுவதே இல்லை.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்கு அறிமுகப்படுத்தியது. டேங்குக்கு அடியில் தீ மூட்டும் கொடுமைக்கு அது நல்ல மாற்று. ஆனால் லாரி விடும் கரியின் பயணம் அங்கே சாலையோடு முடிவதில்லை. பனிமேல் படிந்த கரித்துகள் வெயிலை உறிஞ்சி, பனியைச் சீக்கிரம் உருக்கும். கீழே பள்ளத்தாக்கில் இருப்பவர்களின் குடிநீர் அந்தப் பனிதான்.

மனித உடலுக்கு இந்தப் புகை செய்யும் கேட்டைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மலைப் பள்ளத்தாக்குகளில் இரவில் குளிர்காற்று கீழே தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்காரும். அந்த நேரம் வெளிவரும் புகைக்கு மேலே போக வழியில்லை.

சீனா ஏறிய உயரம்

‘மலையில் அளப்பது நடைமுறைக்கு ஒத்து வராது’ என்பவர்களுக்குப் பதில் பக்கத்து நாட்டில் இருக்கிறது. சீனாவின் ஆறாம் கட்ட லாரி விதி, சாலைச் சோதனையின் உயர எல்லையை முதலில் 1,700 மீட்டராக வைத்தது. 2023 ஜூலையில் முழுதாக அமலான அடுத்த கட்டத்தில் 2,400 மீட்டருக்கு ஏற்றியது. சுமார் 2,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷினிங் போன்ற பெருநகரங்கள் அதற்குள் வந்துவிட்டன. அந்தக் கோடு நம் நாட்டில் இருந்தால் 2,240 மீட்டர் ஊட்டியும் உள்ளே வந்துவிடும்.

நம் பாரத் ஸ்டேஜ் விதிகள் யூரோ விதிகளை முன்மாதிரியாகக் கொண்டவை. 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓட்டி அளக்கும் முறையும் இங்கே வந்துவிட்டது. அடுத்த படியாக நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, சோதனை வண்டி ஊட்டி வரை ஏற வேண்டும், இறங்கவும் வேண்டும். மே மாத வெயிலிலும் ஜனவரி விடியலிலும் அளக்க வேண்டும்.

இரண்டு, எந்த வெப்பநிலைக்குக் கீழே, எந்த உயரத்துக்கு மேலே சுத்திகரிப்பு குறைக்கப்படுகிறது என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அது எஞ்சின் ரகசியம் இல்லை. நாம் மூச்சிழுக்கும் காற்றின் கணக்கு.

மூன்று, புகைச் சான்றிதழ் முறை மாற வேண்டும். இன்று டீசல் வண்டியை நிறுத்தி வைத்து, லோடு இல்லாமல் ஆக்சிலேட்டரை மிதித்து, புகையின் கறுப்பை மட்டும் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை.

நான்கு, பழியை டிரைவர் தலையில் கட்டக்கூடாது. யூரியா தீர்ந்தால் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைக்கும், கடைசியில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட விடாது. மலைச்சாலையில் அந்த நிலை வரக்கூடாது என்றால், மலையூர் பங்க்குகளில் தரமான யூரியா கரைசல் கிடைக்க வேண்டும். நடு ராத்திரி லோடு ஏற்றும் இடங்களில், எஞ்சினை அணைத்துவிட்டுப் படுக்க ஒரு சூடான அறையாவது வேண்டும்.

மறுநாள் விடிகாலை, ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேரட் கழுவும் களத்தில் நின்றிருந்தேன். குல்லாவும் ஸ்வெட்டருமாகத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தம் புதிய பிஎஸ்-6 லாரி ஒன்று எஞ்சின் ஓட நின்றது. பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும் என்று இளம் டிரைவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தெர்மாமீட்டரில் 6 டிகிரி. சைலன்சரில் இருந்து கறுப்புப் புகை துளியும் இல்லை, மெல்லிய ஆவி மட்டும்.

அதற்கு நாலடி தள்ளி மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த அம்மா, தலையில் கட்டியிருந்த துண்டின் முனையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். “புது வண்டிங்க. புகையே வராதுன்னாங்க. தெரியறதும் இல்லைதான். ஆனா கண்ணு எரியுதே, அது ஏங்க?” என்று கேட்டார்.

சைலன்சர் இன்னும் சூடாகவில்லை அம்மா, யூரியா தெளிக்க ஆரம்பிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். சூடாகும் வரைக்கும் நாங்கள்தான் குடிக்க வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கான பதிலை விதிப்புத்தகம்தான் எழுத வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில், 6 டிகிரி குளிரில், அவர் நிற்கும் இடத்திலேயே நின்று எழுத வேண்டும்.